வெள்ளிக்கிழமைக்கு ஒரு பெயர்

குமரேசா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. குறைமாசத்தில் பிறந்த பாப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு, இருபத்து மூன்று நாளாக அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? போனில் பேசலாம் என்றால் இரண்டு "ம்" சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் நீ கேட்டாயா இல்லையா என்றே தெரிவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். தாளில் எழுதினால் நடுவில் கட் பண்ண முடியாது பார். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த கட்டை அவிழ்த்தாகிவிட்டது. இன்னும் பத்து நாள் சொட்டு மருந்து விட வேண்டும். அது முடிந்ததும் பெங்களூருக்கு வண்டி ஏறிவிடுவோம்.

போன வெள்ளிக்கிழமை காலையில் நீ கூப்பிட்டபோது நான் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பாப்பாவுக்கு வேண்டிக்கொள்ளக் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அதற்கு நீ சொன்னாய்: "அம்மா, இனிமே எனக்காகவும் பிள்ளைக்காகவும் வேண்டாதீங்க. தெனம் காலைல எடை கூடியிருக்கான்னு கேக்கப் போறேன், கொறஞ்சிருக்குங்காங்க. நீங்க வேண்டிக்கிறேன்னு சொன்னா எனக்கு நம்பிக்கை வந்துருது. அது வந்து வந்து போறத என்னால தாங்க முடியல. விட்டுருங்கம்மா." பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். உன் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை நானும் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். உனக்காக வேண்டிக்கொள்ளப் போன கோயிலின் வாசலில் உட்கார்ந்து சொன்னேன். அந்தக் கதையை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியாது என்பதால் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு எட்டு வயதில் ஒரு நாள் காலையில் கண் திறக்க முடியாமல் எழுந்தாய். முகமெல்லாம் வீங்கியிருந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நான்கு நாளில் கால், வயிறு என்று வீக்கம் இறங்கி, உன் டிரவுசர் பட்டன் போடவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகத்தில் புரதம் ஒழுகுகிறது, மாத்திரை கொடுத்தால் நிற்கும், ஆனால் திரும்பத் திரும்ப வரும், வளர வளரச் சரியாகிவிடலாம் என்றார் டாக்டர். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, சரியாகிவிடலாம் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினோம். மாத்திரையால் உன் கன்னம் உப்பிப்போய், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பன்னு என்று கூப்பிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். உப்பில்லாச் சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாயே, அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தினம் காலையில் உன் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மெழுகுவர்த்தித் தீயில் காய்ச்சிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். திரிந்தால் புரதம் போகிறது, தெளிந்திருந்தால் நல்லது. அதை உன் அப்பா செய்தார். மில்லில் ஃபிட்டர் வேலை, எந்த ஷிப்டு முடிந்து வந்தாலும் முதலில் அந்தக் குழாயைத்தான் எடுப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஒரு நோட்டில் தேதி போட்டு "தெளிவு" அல்லது "கலங்கல்" என்று எழுதுவார். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அதில் விடுபடவில்லை. இதே மனிதர்தான் நான் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குக் கிளம்பும்போது, "ஆண்டாளுக்கு ஒரு தடவ சொன்னா காதுல விழாதா? வாராவாரம் போய் நச்சரிக்கே" என்று கேலி செய்வார். நான் விடுவேனா? "நீங்க தெனம் அதே கொழாயக் காச்சுதீங்களே, நேத்துப் பாத்தது போதாதா?" என்பேன். மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் அப்போது செட்டியார்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு. காலையில் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவேன். அங்கே கோபுர வாசலுக்கு உள்ளே ஒரு தூணோரம், என்னைப் போலவே வாரம் தவறாமல் ஒருத்தி வந்து உட்காருவாள். கூமாப்பட்டிக்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள், பெயர் பேச்சியம்மாள். ஆமாம், நீ சித்தி சித்தி என்று கூப்பிடுகிறாயே, உன் கல்யாணத்துக்கு ஒரு மூடை தேங்காயோடு வந்து இறங்கினாளே, அவளேதான். நீ அவளை நமக்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சொந்தமெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் பிள்ளைகளுக்காக ஒரே வாசலில் கேட்டு நின்றவர்கள், அவ்வளவுதான். அவள் மகன் செல்வத்துக்கு உன்னைவிட ஒரு வயது கூட. பிறக்கும்போதே நெஞ்சில் ஓட்டை. ஒரு ஆபரேஷன் முடிந்து, இன்னொன்று பாக்கி இருந்தது.

இரண்டாவது வருஷம், உனக்கு ஐந்தாவது தடவையாக வீங்கியது. மாத்திரையைக் குறைத்துக் குறைத்து, இன்னும் பத்தே நாளில் நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம். அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனவள், உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள் வந்தாள்.

"என்னக்கா, உள்ள வரலையா?"

"வரல. கேட்டுக் கேட்டு வெக்கமாப் போச்சு. இனிமே அவனுக்கு நான் கேக்கப் போறதில்ல."

அவள் என்னை எழுப்பவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "எங்க ஊர்ல நடவுக்கு ஆள் மாத்திக்கிடுவோம்க்கா. உங்க வயலுக்கு நான் வந்து நடுவேன், என் வயலுக்கு நீங்க வந்து நடுவீங்க. அப்படி வச்சுக்கிடுவோம். இன்னைக்கு உங்க பிள்ளைக்கு நான் கேக்கேன், என் பிள்ளைக்கு நீங்க கேளுங்க. அடுத்தவ பிள்ளைக்குக் கேக்க வெக்கம் இருக்காதுல்ல" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போனேன். சந்நிதியில் நம்மைப் போன்றவர்களுக்கு எத்தனை நேரம் கிடைக்கும்? தீபம் காட்டி முடிப்பதற்குள் பின்னால் வருகிறவர்கள் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் என் வாயில் உன் பெயர்தான் வந்தது. செல்வம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஏன் தெரியுமா? எனக்குக் கிடைக்கிறது இத்தனூண்டு நேரம், அதையும் அடுத்தவள் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் என் பிள்ளைக்குக் குறைந்துவிடுமே என்ற பயம். சாமியின் கையில் இருப்பது அளந்து ஊற்றும் ரேஷன் மண்ணெண்ணெய் என்று நினைத்தேன் போல. வெளியே வந்ததும் அவள், "சொன்னீங்களாக்கா?" என்று கேட்டாள். "சொன்னேன்" என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள், அடுத்த வாரமும் சொன்னேன் என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல், கோயிலுக்குள் நின்றுகொண்டு, வாராவாரம் ஒரு பொய். எந்த நேரமும் உன்னைப் பொய் சொல்லாதே என்று அதட்டியவள் இப்படித்தான் இருந்தேன்.

நடுவில் மூன்று வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. நான்காவது வெள்ளிக்கிழமை வந்தாள். மெலிந்திருந்தாள். செல்வம் எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, "அவனுக்கு என்னக்கா" என்று சொல்லிவிட்டு, "குமரேசனுக்கு வீக்கம் வத்திருச்சா?" என்று உன்னைப் பற்றியே கேட்டாள். அதன் பிறகு ஒரு வாரமும் தவறாமல் வந்தாள். மறுபடியும் ஒரு நாள்கூட, "சொன்னீங்களாக்கா?" என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லும் வேலை மிச்சம் என்று நினைத்தேன் பார், அதை என்னவென்று சொல்ல.

உனக்குப் பதினொன்று நடக்கும்போது, அப்பாவின் நோட்டில் ஆறு மாசம் "தெளிவு" என்றே வரிசையாக எழுதியிருந்தது. மதுரை டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மாளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். நடவு நேரம், அன்று மட்டும் அவள் வரவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்நிதித் தெருவில் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டிக்கே பஸ் ஏறிவிட்டேன். மலை அடிவாரத்து ஊர், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் அப்போதுதான் வயலிலிருந்து வந்து காலில் சேறு காயாமல் நின்றாள். "வாங்கக்கா, வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். சுவரில் செல்வத்தின் போட்டோ இருந்தது. பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. கீழே தேதி எழுதியிருந்தது. எட்டு மாசம் ஆகியிருந்தது.

என் கையில் பால்கோவாப் பெட்டி. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"ஏன் பேச்சி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்துருவீங்கக்கா. நம்ம பிள்ளைக்கும் இப்படி ஆயிருமோன்னு கெடந்து தவிப்பீங்க."

"பொறவு எதுக்கு வந்தே? எட்டு மாசமா, வாராவாரம், அம்புட்டு தூரத்துல இருந்து?"

"செல்வத்துக்குக் கேக்குறதுதான முடிஞ்சு போச்சு. குமரேசனுக்குக் கேக்குறது முடியலையே. பாதி நடவுல வயல விட்டுட்டு ஏறி வர முடியுமாக்கா?"

அவள் அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. பெரிய விஷயம் சொல்கிற மாதிரியும் சொல்லவில்லை. காலில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். தன் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுக்காத அதே சாமியின் முன்னால் போய் நின்று, ஒருத்தி அடுத்தவள் பிள்ளைக்குக் கேட்டிருக்கிறாள். கேட்கும்போது அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? நான் எத்தனையோ கோயில், எத்தனையோ தேர், எத்தனையோ அலங்காரம் பார்த்தவள். சாமியைப் பார்த்திருக்கிறாயா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த மத்தியானம் கூமாப்பட்டியில் சேற்றுக் காலோடு பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கீழே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "ஒரு நாளும் நான் செல்வம் பேரச் சொல்லல பேச்சி. சொன்னேன் சொன்னேன்னு சொன்னதெல்லாம் பொய்." அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து கொல்லைப்பக்கம் போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். வாளி உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இனி திரும்பி வர மாட்டாள், நாமே எழுந்து போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தேன். வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"மொத ரெண்டு வாரம் நானும் உங்க பிள்ளை பேரச் சொல்லலக்கா" என்றாள். "எனக்கும் மனசு வரல. மூணாவது வாரம் உங்க மூஞ்சியப் பாத்தேன். பொறவுதான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது, அவளுக்கும்தான். பிறகு அவள், "இப்பச் சொல்லுங்க" என்றாள். போன பிள்ளைக்கு என்னவென்று வேண்டுவது என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்க வேண்டாம். அவன் பேர ஒரு தடவ சொல்லுங்க, போதும்" என்றாள். அந்த வீட்டில் அந்தப் போட்டோவுக்கு எதிரே நின்று, "செல்வம்" என்று சொன்னேன். அன்றிலிருந்து எந்த வெள்ளிக்கிழமையும், சந்நிதியில் என் வாயில் முதலில் வரும் பெயர் அவனுடையதுதான். உன் பெயர் அதற்குப் பிறகுதான். கோபித்துக்கொள்ளாதே.

குமரேசா, நீ பிழைத்தாய், அவன் போய்விட்டான். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. என் வேண்டுதல் பலித்தது, அவள் வேண்டுதல் பலிக்கவில்லை என்று யாராவது பேசினால் நான் சண்டைக்குப் போவேன். உனக்காக வேண்டிக்கொண்டவள் அவளும்தான். செல்வத்துக்கு வேண்டியிருக்க வேண்டியவள் நான், வேண்டவில்லை. அதனால்தான் அவன் போனானா என்று எத்தனையோ வருஷம் மனசு அரித்துக்கொண்டிருந்தது. உன் அப்பாதான் ஒரு நாள், "சாமி அம்புட்டு அல்பமாவா இருக்கும்? அவனுக்கு நெஞ்சு ஓட்டை, அது டாக்டருக்கே அடங்கல" என்று அதட்டி நிறுத்தினார். கோயிலுக்கு வராத மனிதருக்குத்தான் சாமியைப் பற்றி என்னைவிட நல்ல எண்ணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேட்டால் கிடைக்கும் என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அந்த மூன்று வருஷமும் நான் இடிந்து விழாமல் காலையில் எழுந்து உனக்கு உப்பில்லாக் கஞ்சி வைத்தேன். எனக்குக் கேட்டுச் சலித்துப்போன நாட்களில் வேறொருத்தி எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பிள்ளை போன பிறகும் அவள் கேட்டது எனக்குத் தெரியாமலே நடந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வாயடைத்துத்தான் போகிறேன்.

உனக்கு நம்பிக்கை வந்து வந்து போவது வலிக்கிறது என்றாய். வலிக்கத்தான் செய்யும், வலிக்காது என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். ஆகவே உன் சொல்லை நான் மீறப் போவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை உனக்காகவும் பாப்பாவுக்காகவும் நான் வேண்ட மாட்டேன். நேற்றுக் காலையில் கூமாப்பட்டிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பேச்சிக்கு இப்போது முட்டி வலி, பஸ் ஏற முடிவதில்லை, மலையைப் பார்த்து நின்று கும்பிடுகிறாள். "அதுக்கென்னக்கா, பாப்பாவை நான் பாத்துக்கிடுதேன். நீங்க வாய மூடிக்கிட்டு இருங்க" என்றாள். "பேரு வச்சாச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பெயர் வைத்துவிட்டால் பிறகு தாங்க முடியாது என்று நீ தள்ளிப்போடுவதை நான் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்திருக்கும். "சரி, குமரேசன் மகன்னு சொல்லிக்கிடுதேன்" என்றவள், "நீங்க வெறுங்கைய வீசிக்கிட்டா கோயிலுக்குப் போவீங்க? யாருக்குக் கேக்கப் போறீங்க?" என்றாள்.

சாயங்காலம் என் மருமகள் கவிதா பேசினாள். பக்கத்துப் பெட்டியில் இருக்கும் ஆண் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அதன் தகப்பன் ஒடிசா பக்கத்து ஆள், கட்டட வேலைக்கு வந்தவன், தாய் இன்னும் கீழே வார்டில் எழுந்திருக்காமல் கிடக்கிறாளாம். நீங்கள் கை கழுவப் போகிற இடத்தில் அந்தத் தகப்பன் தினமும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறானாம், நீ தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறாயாம். கவிதா உன்னைக் குறையாகச் சொல்லவில்லை, பாவம், அவளுக்கும் அந்த மனிதன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்றுதான் சொன்னாள்.

நீ சாமி கும்பிட வேண்டாம். எனக்காக ஒரே ஒரு காரியம் செய். இந்தக் கடிதம் வந்த மறுநாள் காலையில் கை கழுவும் இடத்தில், அவன் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேள். பாஷை தெரியாவிட்டால் கையைக் காட்டிக் கேள். இன்னும் வைக்கவில்லை என்றால் தாயின் பெயர் போதும். வெள்ளிக்கிழமை நான் பஸ் ஏறுவதற்குள் அது எனக்கு வேண்டும், இந்தத் தடவை உண்மையாகவே சொல்லிவிடுவேன். நீ கேட்டால் அவனும் உன்னிடம் திருப்பிக் கேட்பான், குமரேசா. அதற்குள் நீயும் கவிதாவும் பாப்பாவுக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.

உன் அம்மா